ஒன்றரை லட்சத்தில் சென்டிமீட்டர் துல்லியம்: இரட்டை அலைவரிசை ஆர்டிகே கருவி, வட ஆற்காட்டு நிலத்தில் ஒரு மதிப்பீடு

காட்பாடியை இருப்பிடமாகக் கொண்டு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தனியார் நில அளவைப் பணி செய்து வருகிறேன். 2019 நவம்பர் வரை இவை மூன்றும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தன. பெரியவர்கள் இன்றும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பகுதியில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த ஆர்டிகே கருவி, அதாவது இரண்டு செயற்கைக்கோள் ரிசீவர்களின் அளவை உடனுக்குடன் ஒப்பிட்டு இடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் காட்டும் கருவி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் இசட்இடி-எஃப்9பி என்ற சிப்பை வைத்து, அதனுடன் உறை, பேட்டரி, ரேடியோ, ஆண்டெனா ஆகியவற்றைச் சேர்த்து நம் நாட்டிலேயே பொருத்தி விற்கப்படும் ஜோடி அது. ஒரே புள்ளியில் நிலையாக நிற்கும் பேஸ் ஒன்று, கையில் எடுத்துச் செல்லும் ரோவர் ஒன்று. முக்காலி, கார்பன் கோல், கம்பிகள் எல்லாம் உட்பட ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் முடிந்தது. இதே சிப் பல பெயர்களில் பல பெட்டிகளுக்குள் வருவதால், பொருத்தி விற்பவரின் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்பின் இயல்பைப் பேசுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்தவெளி வயல்களிலும் மனைப்பிரிவுகளிலும் வேலை செய்யும் சிறிய சர்வேயர் ஒருவர் தயங்காமல் வாங்கத் தகுந்த கருவி இது. ஆனால் விலை குறைந்திருப்பது ரிசீவருக்கு மட்டும்தான். அதை நிறுத்தி வைக்க வேண்டிய நம்பகமான பேஸ் புள்ளிக்கும், பழைய கல்லைத் தேடிக் கண்டெடுக்கும் உழைப்புக்கும் விலை சிறிதும் குறையவில்லை. வாங்கியவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால், பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இரட்டை அலைவரிசை ரிசீவர் ஜோடி என்றால் பெரும்பாலும் அமெரிக்க அல்லது ஸ்விஸ் நிறுவனத்தின் பொருளாக இருக்கும். விலை பத்து லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். நெடுஞ்சாலைப் பணி எடுத்த ஒப்பந்தக்காரர்களிடமும் பெரிய ஆலோசனை நிறுவனங்களிடமும் மட்டுமே அதைக் காண முடிந்தது. எங்களைப் போன்றவர்கள் தேவைப்படும்போது சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆளோடு சேர்த்து நாள் வாடகைக்கு வரவழைத்தோம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதுதான் இன்றைய மலிவுக்குக் காரணம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தனி ரிசீவர் வைத்திருப்போருக்கு உதவியது; இரண்டு ரிசீவர்களின் அளவை ஒப்பிட்டுக் கழிக்கும் முறையில் அந்தப் பிழை முன்பும் தானாகவே கழிந்துபோகும் என்பதால், நில அளவைக்கு அதனால் பெரிய மாற்றம் வரவில்லை. முன்பு பலகை நிறையப் பரவியிருந்த மின்னணுவியல் முழுவதும் தபால்தலை அளவே உள்ள ஒரு மாட்யூலுக்குள் அடங்கியதும், அதை ட்ரோன், டிராக்டர், தானியங்கி வாகனம் ஆகியவற்றுக்காகப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்க வேண்டி வந்ததும்தான் விலையை உடைத்தன. 2018இல் அறிவிக்கப்பட்ட எஃப்9பி அந்த உடைப்பின் தொடக்கம் என்று சொல்லலாம். அதன் பின் சீனாவின் யூனிகோர் நிறுவனத்தின் யூஎம்980 போன்ற சிப்கள் போட்டிக்கு வந்து விலையை மேலும் இறக்கின. ஜப்பானைச் சேர்ந்த டோமோஜி டகாசு எழுதி எல்லோருக்கும் இலவசமாக வழங்கிய ஆர்டிகேலிப் மென்பொருளும் இந்தக் கதையில் இடம்பெற வேண்டும். பெரிய நிறுவனங்கள் பூட்டி வைத்திருந்த கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்ற நிலையை அவர் உண்டாக்கினார். எங்கள் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கருவியின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லாமல் அதன் குறைகளை விளக்க முடியாது. கைபேசியில் உள்ள ஜிபிஎஸ், சமிக்ஞையில் வரும் குறியீட்டைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவதால் சில மீட்டர் தவறும். ஆர்டிகே முறை அந்தக் குறியீட்டைச் சுமந்து வரும் ஊர்தி அலையையே அளவுகோலாகக் கொள்கிறது. ஜிபிஎஸ்ஸின் எல்1 அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், எல்2 அலையின் நீளம் 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அலையின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதை ரிசீவர் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும். செயற்கைக்கோளுக்கும் நமக்கும் இடையே எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பதைத்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முழு எண் உறுதியானால் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வரும். உறுதியாகாத வரை ‘ஃப்ளோட்’ என்று நிற்கும். இரண்டு அலைவரிசைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 86 சென்டிமீட்டர் நீளமுள்ள செயற்கை அலை ஒன்று கிடைக்கிறது. அதைக் கொண்டு முழு எண்ணை விரைவாகப் பிடித்துவிடலாம் என்பதே இரட்டை அலைவரிசையின் பெருமை. ஒற்றை அலைவரிசைக் கருவியை விலை குறைவு என்பதற்காக இன்று யாரும் வாங்க வேண்டாம்.

இனி களத்துக்கு வருகிறேன். பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், கே.வி.குப்பம் பக்கத்தில் பாலாற்றை ஒட்டிய திறந்த வயல்களில் இந்தக் கருவி எனக்கு நிறைவான மகிழ்ச்சியைத் தந்தது. பேஸ் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், ரோவரை இயக்கிய சில நொடிகளிலேயே ஃபிக்ஸ் வந்துவிடுகிறது. ஒரே கல்லை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் அளந்தபோது கிடைநிலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் திரும்பத் திரும்ப அதே இடத்தைக் காட்டியது. உயரத்தில் பிழை அதைப்போல இரு மடங்கு வரை போகிறது. இது எந்த விலைக் கருவிக்கும் உள்ள இயல்பு. சங்கிலியும் குறுக்குக்கோலும் கொண்டு இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டிய புலத்தை, வரப்பைச் சுற்றி ஒரு முறை நடந்து முடித்துவிட முடிகிறது. தயாரிப்பாளர் சொல்லும் ஒரு சென்டிமீட்டர் துல்லியம், அதற்கு மேல் பேஸிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடும் ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கு, திறந்தவெளியில் ஏறத்தாழப் பொருந்தவே செய்கிறது.

தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் நிலைமை மாறிவிடுகிறது. குடியாத்தம், வாணியம்பாடி பக்கத்து அடர்ந்த தோப்புகளில் ஓலை சமிக்ஞையைச் சிதைப்பதால் ஃப்ளோட்டிலேயே நெடுநேரம் நிற்க நேர்ந்தது. அதைவிட ஆபத்தானது பொய் ஃபிக்ஸ். முழு எண்ணைத் தவறாகப் பிடித்துக்கொண்ட கருவி, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஃபிக்ஸ் என்று காட்டிவிடும். காட்டும் பிழைமதிப்பும் ஒரு சென்டிமீட்டர் என்றே இருக்கும். நம் பழைய அளவை முறையைத் தெரிந்தவர்களுக்கு இதில் தனியான கவலை உண்டு. கன்டர் சங்கிலியின் நீளம் 66 அடி, அதில் 100 லிங்க்; ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்கு மிக அருகில். எல்1 அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். ஆகவே ஓர் அலை தவறினால் வரும் பிழை, பழைய சங்கிலி ஆள் ஒரு லிங்க் தவறவிட்டதால் வரும் பிழையைப் போலவே தோற்றமளிக்கும். வரைபடத்தோடு ஒப்பிடும்போது அந்த வேறுபாட்டைப் பழைய பதிவின் குறை என்று எண்ணிக் கடந்துபோக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. எனவே தோப்பிலும் மலையடிவாரத்திலும் ஒவ்வொரு மூலைக்கல்லையும் குறைந்தது அரை மணி நேர இடைவெளி விட்டு, ஃபிக்ஸை முற்றிலும் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கி, இரண்டாம் முறை அளக்க வேண்டும். அதற்குள் செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியிருக்கும். பொய்யான எண் இரண்டாம் முறையும் அதே பொய்யாக வருவது அரிது. அமிர்தி, ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலை ஒரு பக்க வானத்தை மறைக்கும் இடங்களிலும் இதே விதியைக் கடைப்பிடிக்கிறேன். வேலூர் லாங்கு பஜார் போன்ற நெருக்கமான தெருக்களில் இந்தக் கருவியை எடுக்கவே வேண்டாம். அங்கே கோணத்தையும் தூரத்தையும் ஒளிக்கற்றையால் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனுக்கு மாற்று இல்லை.

நம் ஊருக்கே உரிய மற்றொரு சிக்கலை ஐரோப்பிய, அமெரிக்க மதிப்பீடுகளில் காண முடியாது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகச் செல்கிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அந்தக் கோட்டுக்கு அருகே உள்ள பகுதிகளில், செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும் மேல்வான அடுக்கான அயனி மண்டலம் பிற்பகலில் மிகவும் அடர்ந்திருக்கும், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் கொந்தளிக்கும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருந்த 2024ஐ ஒட்டிய காலத்தில் இது இன்னும் கூடுதல். காலை பத்து மணிக்குள் எளிதாக வரும் ஃபிக்ஸ், பிற்பகல் இரண்டு மணிக்குப் பேஸ் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் தயங்கித் தயங்கி வருவதை நான் தொடர்ந்து கண்டேன். கருவி பழுதாகிவிட்டதோ என்று விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைக்கும் முன், நேரத்தையும் பேஸின் தொலைவையும் பாருங்கள். பேஸை நிலத்தின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டால் இரண்டு ரிசீவர்களும் ஒரே அயனி மண்டலத்தைப் பார்ப்பதால் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கிவிடுகிறது.

பேஸைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். பேஸ் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதை நாம்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் கருவியே சில நிமிடம் சராசரி எடுத்துத் தன் இடத்தைத் தீர்மானித்துக்கொள்ளும் வசதியை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் நிலத்தின் வடிவமும் பரப்பும் சரியாகவே வரும், ஆனால் முழு நிலமும் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். மறுமுறை அதே நிலத்துக்குப் போனால் வேறொரு பக்கம் நகரும். பக்கத்து நிலத்தை வேறொருவர் அளந்திருந்தால் இரண்டு வரைபடங்களும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். மலிவான கருவிகள் பெருகியதிலிருந்து இப்படிப்பட்ட வரைபடங்களோடு வரும் நில உரிமையாளர்கள் பெருகியிருக்கிறார்கள். சென்டிமீட்டர் துல்லியம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர் கொடுத்த ஆயத்தொலைவு, கைபேசியின் துல்லியத்துக்கு மேல் இல்லை. அதை நம்பி வேலி போட்டவர்களின் நிலையைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் செலவில்லாத வழி. வீட்டு மொட்டைமாடியிலோ வேலை நடக்கும் ஊரிலோ அசையாத புள்ளி ஒன்றை அமைத்து, பேஸை அதன் மேல் நாள் முழுக்க இயக்கி, மூலத் தரவை ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பாகச் சேமித்து, கனடா அரசின் சிஎஸ்ஆர்எஸ்-பிபிபி இணையச் சேவைக்கு அனுப்பினால், சில சென்டிமீட்டருக்குள் அந்தப் புள்ளியின் இடத்தைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். மற்றொரு வழி, இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அமைத்திருக்கும் கார்ஸ் எனப்படும், இடைவிடாது இயங்கும் நிரந்தர பேஸ் நிலையங்களின் திருத்தத் தரவை இணையம் வழியாகப் பெறுவது. அப்போது சொந்த பேஸே தேவைப்படாமல் ரோவர் ஒன்றோடு வேலை முடியும். பொதுப் பணத்தில் அமைந்த இந்த வலையமைப்புதான் எதிர்காலம் என்று உறுதியாக நம்புகிறேன், ஏனெனில் எல்லோரும் ஒரே அடித்தளத்தில் நின்று அளந்தால்தான் ஒருவர் அளவு மற்றவர் அளவோடு பொருந்தும். இந்த இரண்டு வழிகளையும் கலக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பிபிபி சேவை அளந்த நாளின் இடத்தைத் தரும். நிலைய வலையமைப்புகள் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குரிய இடத்தை நிலையாக வைத்துக்கொள்வது வழக்கம். இருபது ஆண்டு இடைவெளி இருந்தால் வேறுபாடு ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். வரைபடத்தில் எந்த முறை, எந்த நாள் என்று எழுதாத ஆயத்தொலைவுகளை நான் ஏற்பதில்லை.

மலைப்பகுதிகளில் கைபேசி சமிக்ஞை இல்லாத இடங்கள் நிறைய இருப்பதால் சொந்த பேஸும் ரேடியோவும் இன்னும் சில காலம் நமக்குத் தேவை. பேஸின் திருத்தத்தை ரோவருக்கு அனுப்ப இந்தக் கருவியில் உள்ள லோரா என்ற குறைந்த மின்சக்தி ரேடியோ, நம் நாட்டில் உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகிறது. பார்வைக்குத் தடையில்லாத இடத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை எனக்குத் தடங்கலின்றிக் கிடைத்தது.

உயரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல் உள்ளது என்பது எல்லோரும் அறிந்தது. கருவியோ 130 மீட்டரை ஒட்டி ஓர் எண்ணைக் காட்டும். பிழை ஒன்றுமில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் விளைவாகத் தமிழகத்தின் கடல்மட்டப் பரப்பு, செயற்கைக்கோள் கணக்கின் நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே அமைந்திருக்கிறது. அந்தக் கடல்மட்டப் பரப்பின் வடிவத்தைச் சொல்லும் ஜியாய்டு மாதிரியை, கருவியை இயக்கும் கைபேசிச் செயலியில் சேர்த்தால் இது சரியாகும். ஏரி வாய்க்கால், வடிகால் வேலைக்கு இந்த உயரத்தை அப்படியே எடுக்காமல், லெவல் கருவியால் ஒரு முறை சரிபார்ப்பதே நல்லது. தூரத்திலும் சிறிய வேறுபாடு உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் யூடிஎம் முறையில் வேலூர் 44ஆம் மண்டலத்தில், அதன் நடுக் கோட்டிலிருந்து 200 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால், வரைபடத் தூரம் தரைத் தூரத்தைவிட ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். மனைக்கு இது பொருட்டல்ல, சாலைக்கும் நீண்ட எல்லைக்கும் பொருட்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எஃப்எம்பி எனப்படும் புலப்படத்தோடு இந்தக் கருவியை இணைப்பது. அந்தப் படத்தில் ஆயத்தொலைவு எதுவும் கிடையாது. ஜி கோடு எனப்படும் புலத்தின் குறுக்கே செல்லும் அடிப்படை அளவுக் கோடு, அதிலிருந்து செங்குத்தாக எடுத்த தூரமான ஆப்செட், கல்லுக்குக் கல் தூரம், இவ்வளவுதான். ஒரு லிங்க் அளவே நுணுக்கமாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட எண்களை இரண்டு சென்டிமீட்டர் கருவியால் தரையில் நட முயலும்போது, கருவியின் துல்லியம் படத்துக்கு வந்துவிடாது. நான் செய்வது இதுதான்: அந்தப் புலத்திலும் சுற்றியுள்ள புலங்களிலும் எஞ்சியிருக்கும் மூலக்கற்களை, குறிப்பாக மூன்று புலங்கள் சந்திக்கும் முச்சந்திக் கற்களை, மண்ணைத் தோண்டியாவது கண்டுபிடித்து, அவற்றை ரோவரால் அளந்து, அந்தத் தூரங்கள் படத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்த்த பிறகே காணாமல்போன கல்லின் இடத்தைக் கணக்கிடுகிறேன். மலிவான ஆர்டிகேயின் உண்மையான வரம் இங்கேதான் இருக்கிறது. முன்பு தொலைவில் உள்ள கல்லை அளக்க ஒரு நாள் ஆகும் என்பதால் அருகில் கிடைத்த இரண்டு கல்லோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது ஊரின் அடுத்த மூலையில் உள்ள கல்லையும் சில நிமிடத்தில் சேர்த்துக்கொள்ள முடிவதால், எந்தக் கல் நகர்த்தப்பட்டது என்பது எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. அதே நேரம், 1923ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் கீழ் எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசின் நில அளவைத் துறைக்கே உரியது என்பதையும், எங்கள் அளவீடு அதற்குத் துணை ஆவணம் மட்டுமே என்பதையும் உரிமையாளர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

சிறிய குறைகள் சில. கோலோடு வந்த குமிழி மட்டம் சரியாக இல்லை. இரண்டு மீட்டர் கோல் ஒரு டிகிரி சாய்ந்தாலே நுனி மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும் என்பதால், வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். கத்திரி வெயிலில் ரிசீவர் தாங்கியது, கைபேசி தாங்கவில்லை. திரை மங்கி, சூடேறி, செயலி நின்றுபோயிற்று, குடை ஒன்று அவசியம். எனக்கு வந்த வகைச் சிப் எல்1, எல்2 அலைகளை மட்டுமே பயன்படுத்துவதால் நம் நாட்டின் நேவிக் செயற்கைக்கோள்களின் எல்5 சமிக்ஞை வீணாகிறது. இது எனக்கு உண்மையிலேயே மனக்குறை. தோப்பு வேலை அதிகம் உள்ளவர்கள் எல்5ஐயும் சேர்த்து மூன்று அலைவரிசை பிடிக்கும் புதிய சிப் உள்ள கருவியைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது நல்லது. கோல் சாய்ந்தாலும் திருத்திக்கொள்ளும் வசதி உள்ள ரோவர்கள் சுவர் மூலைகளுக்கு உதவும்; வயல் வேலைக்கு அது கட்டாயமில்லை.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மூலத் தரவை ரைனெக்ஸாகச் சேமிக்க முடியுமா, பேஸின் ஆயத்தொலைவை நாமே தட்டச்சு செய்ய முடியுமா, ஆண்டெனாவின் மையம் உறையின் அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது என்று எழுத்தில் தருவாரா. பிறகு, நீங்கள் முன்பே எஃகு நாடாவால் அளந்து வைத்திருக்கும் இரண்டு கற்களுக்கு அவரையே அழைத்துச் சென்று, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் பொருந்தினால் பணத்தைக் கொடுக்கலாம்.